இதயத்திற்கும் ஒரு நாள் சிட்டை



நாள் முழுவதும் வியாபாரம் பார்த்துவிட்டு, இரவு கடை அடைக்கும் முன் நாம் என்ன செய்கிறோம்? கல்லாவை எண்ணுகிறோம். சிட்டையைப் புரட்டுகிறோம். எந்தச் சரக்கு எவ்வளவு போயிற்று, யார் பேரில் எவ்வளவு பற்று நிற்கிறது, எங்கே கணக்கு உதைக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஷட்டரை இறக்குகிறோம். நூறு ரூபாய் குறைந்தால் அன்று நமக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடித்து நம்மைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறதே இதயம், அதன் கணக்கை நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது பார்த்திருக்கிறோம்?

அந்தக் கணக்கை எழுதித் தரும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹோல்டர் மானிட்டர். இடுப்பில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல் கடையில் வேலை பார்க்கலாம். அதைப் பற்றி நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் கடைத்தெருவில் நடந்தது

ஆய்க்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நமக்கு நெருங்கியவர். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. விடியற்காலையில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்வந்து, இரவு பத்து மணி வரை கடையில் நிற்பவர். சில மாதங்களாக அவருக்கு அவ்வப்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மூன்று விநாடிதான்; உடனே சரியாகிவிடும். "பித்தம் ஏறிவிட்டது" என்று எலுமிச்சம்பழச் சாறு குடித்தார். பிறகு ஒரு நாள் டாக்டரிடம் போனார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். "ஒன்றுமில்லை அண்ணாச்சி, வாய்வாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நிம்மதியாகக் கடைக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் வாடிக்கையாளர் ஒருவருக்குப் புளி நிறுத்துக்கொண்டிருந்தபோது தராசின் மேலேயே சாய்ந்துவிட்டார். நெற்றியில் அடி. கடைப்பையன் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, நீ நிறுத்துக் கொடு" என்றாராம். கீழே விழுந்தது அவருக்கு நினைவே இல்லை.

பிறகுதான் திருநெல்வேலியில் இதய நோய் மருத்துவர் ஒருவர் அவருக்கு ஹோல்டர் கருவியை மாட்டி அனுப்பினார். மறுநாள் கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. காலை பதினொரு மணி சுமாருக்கு அவருடைய இதயம் நான்கு விநாடிக்கு மேல் துடிக்காமல் நின்றிருக்கிறது. அதே நேரத்துக்கு எதிரே, அவர் கையாலேயே "கிறக்கம்" என்று குறித்து வைத்திருந்தார். இரண்டும் ஒத்துப்போயின. பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்று பழையபடி கடையில் இருக்கிறார்.

அப்படியானால் முதலில் எடுத்த இ.சி.ஜி. தவறா? தவறில்லை. அது பார்த்த நேரத்தில் இதயம் சரியாகத்தான் ஓடியது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பத்து விநாடியும் ஒரு நாளும்

இதயத்தின் மேல் அறையில், வலப்புறத்தில், ஒரு சிறு திசு முடிச்சு இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய மின்சாரத் துடிப்பு கிளம்பி மேல் அறைகளுக்கும், பிறகு கீழ் அறைகளுக்கும் பரவுகிறது. அதற்கேற்ப இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை துடிப்பது இயல்பு. இந்த மின்சாரம் கிளம்பும் இடத்திலோ, ஓடும் வழியிலோ கோளாறு வந்தால் துடிப்பு மிக வேகமாகலாம், மிக மெதுவாகலாம், ஒழுங்கின்றித் தாறுமாறாகவும் ஆகலாம். இதைத்தான் இதயத் துடிப்புக் கோளாறு என்கிறோம்.

சாதாரண இ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதாவது, ஒரு நாளில் 8,640-இல் ஒரு பங்கை மட்டுமே அது பார்க்கிறது. கடைக்குள் பத்து விநாடி எட்டிப் பார்த்துவிட்டு "இங்கே திருட்டே நடப்பதில்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? இன்று பல கடைகளில் கேமரா வைத்திருக்கிறோம். எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தானே அது நாள் முழுவதும் ஓடுகிறது? ஹோல்டர் கருவி இதயத்திற்கு வைக்கும் கேமரா. வந்து வந்து மறையும் கோளாறைப் பிடிக்க, அது வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கண்டுபிடித்தவர் வணிகக் குடும்பத்துப் பிள்ளை

இக்கருவியின் வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. இதைக் கண்டுபிடித்த நார்மன் ஹோல்டர், அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து ஹெலினா நகரைச் சேர்ந்தவர். 1914-இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஆன்டன் ஹோல்டர் நார்வே நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மரம் அறுக்கும் மில்லும் இரும்புச் சாமான் வியாபாரமும் நடத்தி முன்னுக்கு வந்தவர். அந்த வணிகக் குடும்பத்தில் பிறந்த பேரன் இயற்பியல் படித்து, ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவருக்கு முன்பே இ.சி.ஜி. வந்துவிட்டது. நெதர்லாந்து நாட்டு வில்லெம் ஐந்தோவன் அதை உருவாக்கி, 1924-ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அந்தக் காலத்துக் கருவி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். நோயாளி அசையாமல் உட்கார்ந்து, கை கால்களை உப்புத் தண்ணீர் வாளியில் வைத்திருக்க வேண்டும். ஹோல்டர் கேட்ட கேள்வி எளிமையானது: மனிதன் வாழ்நாள் முழுவதும் அசையாமலா இருக்கிறான்? நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

1940-களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை 85 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 38 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றும், அதன் மேல் இன்னொரு அரைச் சிப்பமும் வைத்தால் என்ன எடையோ அதுதான். அதைச் சுமந்துகொண்டு தாமே சைக்கிள் மிதித்துக் காட்டினார். பிறகு பல ஆண்டுகள் உழைத்து அதைச் சிறிதாக்கினார். தமது முறையை 1961-இல் 'சயின்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். 1983-இல் காலமானார். இன்று அவர் பெயரால் வழங்கும் கருவி சட்டைப் பைக்குள் அடங்கும். சுமையைக் குறைத்துக்கொண்டே வந்த அந்த உழைப்பின் பயனை இன்று ஆய்க்குடியில் இருக்கும் நாம் அனுபவிக்கிறோம்.

எப்படி மாட்டுகிறார்கள்?

மார்பில் மூன்று முதல் ஏழு இடங்கள் வரை சிறு வில்லைகளை ஒட்டி, அவற்றிலிருந்து வரும் மெல்லிய வயர்களைக் கருவியில் இணைக்கிறார்கள். கருவி இடுப்பு பெல்ட்டிலோ, கழுத்தில் தொங்கும் பையிலோ இருக்கும். மேலே சட்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வலி இல்லை, ஊசி இல்லை. "உடம்புக்குள் கரண்ட் விடுவார்களோ" என்று சிலர் பயப்படுகிறார்கள். கருவி உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை. இதயத்திலிருந்து வருவதைப் பதிவு செய்கிறது, அவ்வளவே. மார்பில் முடி அதிகமிருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் மழிப்பார்கள்.

பொதுவாக 24 மணி அல்லது 48 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. மாட்டப்போகும் அன்று குளித்துவிட்டுப் போங்கள். மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் பூச வேண்டாம், வில்லை ஒட்டாது. கழற்றும் வரை குளிக்கக் கூடாது. குற்றாலத்தில் சாரல் காலமாக இருந்தாலும் அருவிப் பக்கம் போக வேண்டாம்.

2. தளர்வான, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணியுங்கள். வியர்வையில் வில்லை கழன்றால் என்ன செய்வது என்று மாட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. செல்போனைக் கருவியை ஒட்டி வைக்க வேண்டாம். பெரிய காந்தங்களின் அருகே போக வேண்டாம்.

4. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

5. இது மிக முக்கியம். அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டாம். டாக்டர் தடுத்திருந்தாலன்றி, சந்தைக்குப் போகிறவர் போகட்டும். மாடிப்படி ஏறுகிறவர் ஏறட்டும். கடன் வசூலுக்குப் போய்க் கோபப்படுகிறவர் அதையும் செய்யட்டும்! வீட்டில் படுத்திருந்தால் படுத்திருக்கும் இதயத்தின் கணக்குத்தான் கிடைக்கும்.

"கடையை யார் பார்ப்பது?" என்பதே நம்மவர்கள் மருத்துவமனைக்குப் போகாததற்குச் சொல்லும் முதல் காரணம். இந்தப் பரிசோதனைக்குக் கடையை அடைக்கவே தேவையில்லை. மாட்டிக்கொள்ள ஒரு தடவை, கழற்ற ஒரு தடவை போய்வந்தால் போதும். எல்லா மருத்துவமனையிலும் கருவி இருக்காது. ஆகவே தென்காசியிலோ திருநெல்வேலியிலோ விசாரித்து, நாள் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

நாம் எழுத வேண்டிய சிட்டை

கருவியைத் தரும்போது ஒரு தாளும் தருவார்கள். என்ன நேரத்தில் என்ன செய்தோம், உடம்புக்கு என்ன தோன்றியது என்று அதில் எழுத வேண்டும். "காலை 5.40, மூட்டை இறக்கினேன், படபடப்பு." "பகல் 11.10, நின்றுகொண்டிருந்தேன், கிறக்கம்." "இரவு 9.30, மாத்திரை சாப்பிட்டேன்." இப்படி எழுதினால் போதும். பல கருவிகளில் ஒரு பொத்தானும் இருக்கும். தொந்தரவு தெரிந்தவுடன் அதை அழுத்த வேண்டும்.

இந்தத் தாளை அலட்சியமாக நினைப்பவர்கள் உண்டு. இது இல்லாவிட்டால் பரிசோதனையின் பாதிப் பயன் போய்விடும். பில் ஒருபுறம், சிட்டை ஒருபுறம் வைத்து ஒத்துப் பார்த்தால்தானே கணக்கு முடியும்? படபடப்பு வந்த நேரத்தில் இதயம் சரியாக ஓடியிருந்தால், அதுவும் ஒரு செய்திதான். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு சிரமமா?

கணக்கில் என்ன தெரியும்?

கழற்றிய பிறகு பதிவைக் கணினியில் ஏற்றி மருத்துவர் பார்ப்பார். அறிக்கையில் சில "கூடுதல் துடிப்புகள்" இருந்தால் உடனே கலங்க வேண்டாம். இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது நல்ல உடல்நலம் உள்ளவர்களிடமும் காணப்படுவதே. தூக்கத்தில் துடிப்பு குறைவதும் இயல்பு.

விழித்திருக்கும்போது துடிப்பு மிகவும் குறைந்தாலோ, 3 விநாடிக்கு மேல் நின்றாலோ மருத்துவர் கவனமாகப் பார்ப்பார். மருந்துகளாலும் இப்படி ஆகலாம். அவற்றை மாற்றிப் பார்ப்பதுண்டு. தேவையானால் பேஸ்மேக்கர் வைப்பார்கள். திடீரென்று நிமிடத்திற்கு 150, 180 என்று ஓடி, திடீரென்று நின்றுவிடும் வகையும் உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. குழாய் செலுத்தி, கோளாறான மின்பாதையைச் சுட்டு அகற்றும் சிகிச்சையும் உண்டு.

எல்லாவற்றிலும் நாம் அஞ்ச வேண்டியது, மேல் அறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் கோளாறு. மருத்துவர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இதில் இரத்தம் மேல் அறையில் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். வயது ஏறுதல், இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மிகுதி, சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டிருத்தல், மதுப்பழக்கம் ஆகியவை இதற்கு வழி செய்பவை. சிலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே இது இருக்கும். கண்டுபிடித்துவிட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்துப் பெருமளவு பக்கவாதத்தைத் தடுத்துவிட முடியும்.

அம்மருந்து சாப்பிடுகிறவர்கள் கடையில் தொங்கும் வலி மாத்திரையைப் பிய்த்து விழுங்கக் கூடாது. இரத்தக் கசிவு ஏற்படலாம். விற்கும் இடத்தில் இருப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முடக்கம் என்றால் என்னவென்று ஆய்க்குடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது தண்டுவடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், 1981-இல் நம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைக்க எவ்வளவு காலமும், எத்தனை பேருடைய பொறுமையும் வேண்டும் என்பதை நாம் கண்ணால் பார்த்துவருகிறோம். விபத்தை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கக்கூடிய பக்கவாதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

இக்கருவியால் ஆகாதவை

ஹோல்டர் கருவி துடிப்பின் ஒழுங்கைக் காட்டும். இரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் கண்டுபிடிக்க இதை நம்பியிருக்கக் கூடாது. அதற்கு வேறு பரிசோதனைகள் உண்டு. நெஞ்சு வலியும் வியர்வையும் சேர்ந்து வந்தால் ஹோல்டர், நாள் குறிப்பது என்றெல்லாம் யோசிக்கவே கூடாது; உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாய் கோணினாலும், கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அப்படியே.

மாதம் ஒரு முறை மட்டும் வரும் மயக்கம் 24 மணி நேரத்தில் அகப்படாமல் போகலாம். "அறிக்கை நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் மார்பில் ஒட்டியிருக்கும் பட்டைகளும், தோலுக்கு அடியில் வைத்து ஆண்டுக் கணக்கில் பதிவு செய்யும் சிறு கருவிகளும் இன்று உள்ளன. கைக்கடிகாரத்திலேயே துடிப்பைப் பார்க்கும் வசதியும் வந்திருக்கிறது. அது எச்சரிக்கை மணி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கையோடு ஒழுங்கையும் கவனியுங்கள். தாளம் தவறித் தவறி வந்தால் மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுங்கள்.

ஒரு வேண்டுகோள்

மேலே சொன்ன அண்ணாச்சியிடம், "இத்தனை மாதம் ஏன் வெளியே சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் நம்மை யோசிக்க வைத்தது. "மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தது. ஆளுக்கு நெஞ்சு நோய் என்று தெரிந்தால் அடுத்த லோடு வருமா?" என்றார்.

சில்லறைக் கடைக்காரரின் முதல் என்பது பாதி சரக்கு, பாதி நம்பிக்கை. நோய் என்ற சொல் வெளியே வந்தால் அந்த நம்பிக்கை போய்விடுமோ என்ற பயத்தில்தான் நம்மவர்கள் பலர் வலியை விழுங்குகிறார்கள். மொத்த வியாபாரிகளாகிய நம் உறுப்பினர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்: இருபது வருடம் தவணை தவறாமல் கொடுத்தவர் ஒரு மாதம் படுத்தால், அவரை நெருக்க வேண்டாம். வைத்தியம் பார்த்துக்கொண்டவர் கடைக்குத் திரும்பி வந்து பாக்கியைத் தீர்ப்பார். மறைத்து வைத்தவர் விழுந்துவிட்டால், பாக்கியை யாரிடம் கேட்பது?

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கண் இருட்டுதல், காரணமில்லாத படபடப்பு, நினைவிழந்து விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பித்தம், வாய்வு என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது.

முதலுக்கே மோசம் வந்தால் லாபக் கணக்கு எதற்கு? வருடக் கணக்கைத் தவறாமல் முடிக்கும் நாம், இதயத்தின் ஒரு நாள் கணக்கையும் தேவைப்படும்போது பார்த்துவிடுவோம். கடை நாளையும் திறக்க வேண்டும். திறப்பதற்கு நாமும் இருக்க வேண்டும்.